நிரல்மொழிகளின் செந்தர நூலகத்தில் பட்டியல் செயற்கூறுகள்: லிஸ்ப் முதல் ஹாஸ்கெல் வரை ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

நிரல்மொழி ஒவ்வொன்றும் தன்னுடன் ஒரு செந்தர நூலகத்தைக் கொண்டு வருகிறது. அந்நூலகத்தில் பட்டியல்களைக் கையாளும் சிறு செயற்கூறுகள் முதன்மையான இடம் பெறுகின்றன. ஒரு பட்டியலின் உறுப்புகள் அனைத்தையும் மாற்றுதல், சிலவற்றைத் தெரிதல், எல்லாவற்றையும் ஒரே மதிப்பாகத் திரட்டுதல், முதல் உறுப்பை எடுத்தல் ஆகியன இவற்றின் பணிகள். 1958இல் லிஸ்ப் மொழியின் உருவாக்கத்தோடு தொடங்கும் இச்செயற்கூறுகளின் வரலாற்றை இக்கட்டுரை ஹாஸ்கெல் மொழியின் நூலகம் வரை தொடர்ந்து நோக்குகிறது. பொதுப்பெயர் யாருக்கு உரியது, வெற்றுப் பட்டியலுக்கு விடை என்ன, எளிய பெயருக்குப் பின்னுள்ள செலவு எவ்வளவு என்னும் மூன்று வினாக்களே இந்நூலகங்களின் வடிவைத் தீர்மானித்து வந்துள்ளன என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பட்டியல், செயற்கூறு, செந்தர நூலகம், லிஸ்ப், ஹாஸ்கெல், மடிப்பு, தரவினம்

முன்னுரை

நிரல்மொழி வரலாறுகள் பெரும்பாலும் இலக்கணத்தையும் தரவினக் கோட்பாட்டையும் பற்றியே பேசுகின்றன. நூலகத்தில் உள்ள நான்கைந்து வரிச் செயற்கூறுகள் அவ்வரலாற்றில் அடிக்குறிப்பாகவே நிற்கின்றன. ஆயினும், ஒரு மொழியைக் கற்பவர் முதலில் எதிர்கொள்வதும் நாள்தோறும் பயன்படுத்துவதும் இச்செயற்கூறுகளையே. ஒரு சொல்லின் பொருளை அகராதி நிலைபெறச் செய்வது போல, ஒரு செயலின் பெயரையும் வரம்பையும் செந்தர நூலகம் நிலைபெறச் செய்கிறது. ஒருமுறை நூலகத்தில் இடம்பெற்ற பெயரை மாற்றுவது எளிதன்று. அதனை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் அனைத்தும் அம்மாற்றத்தால் பாதிக்கப்படும். எனவே நூலகத்தில் ஒரு செயற்கூறு சேர்க்கப்படுவதும் திருத்தப்படுவதும் தனியே ஆராயத்தக்க வரலாற்று நிகழ்வுகளாகும்.

1. பட்டியலும் 704 கணினியும்

பட்டியலைக் கணினியின் அடிப்படைத் தரவமைப்பாகக் கொள்ளும் எண்ணம் லிஸ்ப் மொழிக்கு முற்பட்டது. ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா, ஹெர்பர்ட் சைமன் ஆகிய மூவரும் 1950களின் நடுவில் ஐ.பி.எல். என்னும் மொழியை உருவாக்கினர். தருக்கத் தேற்றங்களை நிறுவும் நிரலை எழுதுவதற்கு முன்கூட்டியே அளவு வரையறுக்கப்பட்ட அணிகள் போதவில்லை. தேவைக்கேற்ப வளரவும் குறையவும் கூடிய அமைப்பாகப் பட்டியல் அவர்களுக்குப் பயன்பட்டது. ஆனால் ஐ.பி.எல். பொறிமொழிக்கு அணுக்கமான, கட்டளை வரிசையாக அமைந்த மொழியாகவே இருந்தது.

ஜான் மெக்கார்த்தி பட்டியல் செயலாக்கத்தை இயற்கணிதக் கோவை வடிவில் எழுத விரும்பினார். ஐ.பி.எம். 704 கணினியின் ஒரு சொல் 36 பிட்டுகள் கொண்டது. அதில் 15 பிட்டு முகவரிப் பகுதி ஒன்றும் 15 பிட்டுக் குறைப்புப் பகுதி ஒன்றும் தனித்தனியே கையாளத்தக்கவையாக இருந்தன. ஒரு பகுதியில் உறுப்பின் முகவரியையும் மற்றொன்றில் எஞ்சிய பட்டியலின் முகவரியையும் வைத்தால் ஒரே சொல்லில் பட்டியலின் ஒரு கண்ணி அமைந்துவிடும். இப்பகுதிகளைப் படிக்கும் செயற்கூறுகளே 'கார்', 'குடர்' எனப் பெயர் பெற்றன. முதல் உறுப்பையும் எஞ்சிய பட்டியலையும் தரும் இவ்விரண்டும் பட்டியல் செயற்கூறுகளுள் மிகப் பழமையானவை. 704 கணினி வழக்கொழிந்த பின்னரும் அதன் வன்பொருள் அமைப்பைக் குறித்த அப்பெயர்கள் லிஸ்ப் கிளைமொழிகளில் வாழ்கின்றன. நூலகப் பெயர் தன் காரணத்தைக் கடந்து நிலைத்தமைக்கு இது தெளிவான சான்று.

2. மேப்லிஸ்ட்டின் தோற்றம்

1958 கோடையில் மெக்கார்த்தி ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றினார். இயற்கணிதக் கோவைகளை வகையிடும் நிரல் ஒன்றை எழுதுவது அப்போது அவர் தேர்ந்த சிக்கல். கூட்டல் கோவை ஒன்றை வகையிட அதன் ஒவ்வோர் உறுப்பையும் வகையிட்டு, கிடைத்தவற்றை மீண்டும் கூட்ட வேண்டும். உறுப்புகள் இரண்டாகவும் இருக்கலாம், இருபதாகவும் இருக்கலாம். ஆகவே, 'பட்டியல் முழுவதும் இச்செயலைச் செய்க' எனக் கூறும் ஒரு செயற்கூறு தேவைப்பட்டது. அதுவே 'மேப்லிஸ்ட்'.

இச்சிறு தேவை மூன்று பெரும் விளைவுகளை உண்டாக்கியது. முதலாவது, ஒரு செயற்கூற்றுக்கு மற்றொரு செயற்கூற்றையே அளபுருவாக அளிக்க வேண்டியிருந்தது. பெயரிடாத செயற்கூற்றை எழுதுவதற்கு அலோன்சோ சர்ச்சின் லாம்டா குறியீட்டை மெக்கார்த்தி எடுத்துக்கொண்டார். இரண்டாவது, கோவைக்குள் கோவை அமைவதால் வகையிடும் செயற்கூறு தன்னைத்தானே அழைக்க வேண்டியிருந்தது. நிபந்தனைக் கோவையும் தற்சுழற்சியும் இணைந்து இத்தேவையை நிறைவு செய்தன. மூன்றாவது, இடையில் தோன்றிப் பயனற்றுப்போகும் பட்டியல்களை நிரலர் தாமே அழிக்க வேண்டுமெனில் வரையறையின் எளிமை குலைந்துவிடும். எனவே பயனற்ற நினைவகத்தைத் தானாக மீட்கும் முறை வகுக்கப்பட்டது.

1960 ஏப்ரலில் வெளியான மெக்கார்த்தியின் புகழ்பெற்ற கட்டுரையில் மேப்லிஸ்ட், இரு பட்டியல்களை இணைக்கும் 'அப்பெண்ட்', இணைப்பட்டியலில் தேடும் 'அசாக்' முதலியவை வரையறுக்கப்பட்டுள்ளன. இதில் நுண்ணிய வேறுபாடு ஒன்று நோக்கத்தக்கது. பிற்காலத்து 'மேப்' பட்டியலின் ஒவ்வோர் உறுப்பையும் செயற்கூற்றுக்கு அளிக்கிறது. மெக்கார்த்தியின் மேப்லிஸ்ட் ஒவ்வொரு படியிலும் எஞ்சியுள்ள பட்டியல் முழுவதையும் அளித்தது. உறுப்பை மட்டும் அளிக்கும் 'மேப்கார்' என்னும் வடிவமே பின்னர்ப் பெருவழக்காயிற்று. அதிக ஆற்றல் உடைய வடிவம் ஒதுங்க, எளிய வடிவம் பொதுப்பெயரைப் பெற்ற முதல் நிகழ்வு இதுவாகும்.

3. மடிப்பு: திரட்டும் செயற்கூறு

பட்டியலின் உறுப்புகளை ஒரே மதிப்பாகத் திரட்டுவது இரண்டாவது பெருஞ்செயல். கென்னத் ஐவர்சன் 1962இல் வெளியிட்ட நூலில் கூட்டல் குறியையும் சாய்கோட்டையும் அடுத்தடுத்து எழுதினால் வரிசையின் கூட்டுத்தொகை கிடைக்கும் என வகுத்தார். கூட்டலுக்குப் பதில் பெருக்கலையோ பெருமத்தையோ வைத்தாலும் அதே வடிவம் பொருந்தும்.

லாம்டா நெறியைப் பின்பற்றிய பிரித்தானிய மரபு இதனைச் செயற்கூறாக்கியது. டேவிட் பாரன், கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி ஆகியோர் 1966இல் வெளியிட்ட நூற்பகுதியில், பல பட்டியல்களிலிருந்து ஒவ்வோர் உறுப்பை எடுத்து அமையக்கூடிய சேர்க்கைகள் அனைத்தையும் தரும் நிரல் ஒன்று இடம்பெற்றுள்ளது. 'லிட்' என்று அவர்கள் பெயரிட்ட செயற்கூற்றை உள்ளுக்குள் உள்ளாக அடுக்கி அந்நிரல் எழுதப்பட்டது. இன்று 'ஃபோல்ட்ஆர்' எனப்படும் வலப்புற மடிப்பும் லிட் என்பதும் ஒன்றே. தற்சுழற்சியை நேரே எழுதாமல் நூலகச் செயற்கூறு ஒன்றிலேயே அடக்கிவிட முடியும் என்பதை இந்நிரல் காட்டியது.

மடிப்பின் பொருளை எளிதாகக் கூறலாம். ஒரு பட்டியல் என்பது வெற்றுப் பட்டியலின் முன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கோத்து அமைத்தது. கோக்கும் செயலுக்குப் பதிலாக வேறொரு செயலையும், வெற்றுப் பட்டியலுக்குப் பதிலாக வேறொரு மதிப்பையும் வைப்பதே மடிப்பு. கூட்டலையும் சுழியையும் வைத்தால் கூட்டுத்தொகை கிடைக்கும். ஜான் ஹியூஸ் 1989இல் வெளியிட்ட கட்டுரை இவ்விளக்கத்தைப் பரவலாக்கியது. மேப், ஃபில்டர் முதலிய பலவற்றை மடிப்பைக் கொண்டே வரையறுக்கலாம் என்பதனால், நூலகத்தின் பல உறுப்புகளுக்குத் தாய்ச் செயற்கூறாக அது கருதப்படலாயிற்று.

4. மேப் எழுப்பிய தரவின வினா

எண் பட்டியலைச் சொல் பட்டியலாகவும், சொல் பட்டியலை எண் பட்டியலாகவும் ஒரே மேப் மாற்றுகிறது. அவ்வாறெனில் மேப் செயற்கூற்றின் தரவினம் யாது? லிஸ்ப் மொழியில் இவ்வினா எழவில்லை. அங்கு நிரல் இயங்கும்போதே தரவினம் அறியப்பட்டது. 1967இல் ஸ்ட்ரேச்சி ஆற்றிய விரிவுரைகளில் பல்லுருவாக்கத்தை இரு வகையாகப் பகுத்தார். எந்தத் தரவினத்துக்கும் ஒரே வரையறை பொருந்துவதை அளபுருப் பல்லுருவாக்கம் என்றார். அதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு மேப். ராபின் மில்னர் 1978இல் வெளியிட்ட பல்லுருவாக்கக் கோட்பாட்டிலும் மேப் முன்னிலை எடுத்துக்காட்டாக அமைந்தது. எம்.எல். மொழிக் குடும்பத்தின் தரவின உய்த்தறிமுறை இக்கோட்பாட்டின்மேல் எழுந்தது. எனவே மேப் என்னும் சிறு செயற்கூறு நூலகத்தின் ஓர் உறுப்பாக மட்டும் நிற்கவில்லை. மொழியின் தரவின இலக்கணத்தை உரைத்துப் பார்க்கும் உரைகல்லாகவும் நின்றது.

5. ஹாஸ்கெலின் பிரெலூட்

1987 செப்டம்பரில் ஒரெகன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில் நடைபெற்ற மாநாட்டில், ஒன்றையொன்று ஒத்த சோம்பல் செயற்கூற்று மொழிகள் பத்துக்கு மேற்பட்டு இருப்பது குறையாக உணரப்பட்டது. பொதுமொழி ஒன்றை வகுக்கக் குழு அமைந்தது. ஹாஸ்கெலின் முதல் அறிக்கை 1990 ஏப்ரல் 1 அன்று வெளியானது. எல்லா நிரல்களிலும் தானாகவே இறக்கப்படும் 'பிரெலூட்' என்னும் நூலகம் அம்மொழியின் வரையறையிலேயே இடம்பெற்றது.

பிரெலூட்டின் பட்டியல் செயற்கூறுகள் பல டேவிட் டர்னரின் மிராண்டா மொழியை நினைவூட்டுவன. மிராண்டா 1985இல் அறிமுகமானது. அதில் 'எச்டி', 'டிஎல்' எனச் சுருங்கியிருந்தவை ஹாஸ்கெலில் 'ஹெட்', 'டெய்ல்' என முழுச்சொற்களாயின. நிபந்தனை பொருந்தும் வரை எடுக்கும் 'டேக்வைல்', அவ்வரை நீக்கும் 'டிராப்வைல்', ஒரு செயலை முடிவின்றித் திரும்பச் செய்யும் 'இட்டரேட்' ஆகியன இம்மரபில் வந்தவை. முடிவிலாப் பட்டியலைத் தரும் செயற்கூறு நூலகத்தில் இடம்பெறுவது சோம்பல் மதிப்பீடு உள்ள மொழியிலேயே இயல்பாகிறது. கேட்ட அளவு மட்டுமே அங்குக் கணிக்கப்படும். மேலும் ஹாஸ்கெலில் எழுத்துச்சரம் என்பது எழுத்துகளின் பட்டியல். ஆதலால் பட்டியல் நூலகமே உரைச் செயலாக்க நூலகமாகவும் பணிபுரிந்தது.

6. பொதுப்பெயர் யாருக்கு உரியது?

பட்டியலுக்குப் பொருந்தும் மேப் மரத்துக்கும் பொருந்தும். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் எனும் மதிப்புக்கும் பொருந்தும். 1990களின் நடுப்பகுதி ஹாஸ்கெல் பதிப்புகளில் மேப் என்னும் பெயர் இவை அனைத்துக்கும் பொதுவாக்கப்பட்டது. இதனால் தொடக்க நிலை மாணவர் சிறு பிழை செய்தாலும் அவர் கல்லாத கருத்துகளைக் குறிக்கும் பிழைச்செய்தி தோன்றியது. 1999 பிப்ரவரியில் வெளியான ஹாஸ்கெல் 98 அறிக்கை இதனை மாற்றியது. மேப் பட்டியலுக்கு மட்டும் உரியதாயிற்று. பொதுச் செயலுக்கு 'எஃப்மேப்' என்னும் புதுப்பெயர் அமைந்தது.

அத்தீர்வு சிக்கலை முடித்துவைக்கவில்லை. பின்னர் 'ஃபோல்டபிள்', 'டிராவர்சபிள்' என்னும் இனக்குழுக்கள் வகுக்கப்பட்டு, மடிப்பு எல்லாக் கொள்கலன்களுக்கும் விரிந்தது. பட்டியலுக்கு ஒரு ஃபோல்ட்ஆர், பொதுவாக மற்றொரு ஃபோல்ட்ஆர் என ஒரே பெயரில் இரண்டு நின்றன. இரண்டையும் ஒருசேர இறக்கினால் பெயர் மோதல் உண்டாயிற்று. நீண்ட விவாதத்துக்குப் பின் 2015 மார்ச்சில் வெளியான ஜி.எச்.சி. 7.10 பதிப்பில் பிரெலூட்டின் மடிப்புகள், 'லெங்த்', 'சம்', 'எலெம்' முதலியன பொதுமையாக்கப்பட்டன.

எதிர்த்தோர் காட்டிய எடுத்துக்காட்டு ஒன்று பரவலாக அறியப்பட்டது. இரண்டு மதிப்புகள் கொண்ட இணை ஒன்றின் நீளத்தைக் கேட்டால் 1 என விடை வருகிறது. இணையின் முதல் உறுப்பு தரவினத்தின் பகுதியாகவும் இரண்டாம் உறுப்பு மட்டுமே உள்ளடக்கமாகவும் கொள்ளப்படுவதால் கோட்பாட்டளவில் இவ்விடை சரியே. ஆனால் பட்டியல் என எண்ணித் தவறுதலாக இணையை அளித்த நிரலருக்கு முன்பு பிழைச்செய்தி கிடைத்தது. இப்போது பொருளற்ற விடை கிடைக்கிறது. ஆதரித்தோர், ஒரே செயலுக்கு ஒரே பெயர் என்னும் ஒழுங்கையும் திரும்ப எழுதுதல் குறைவதையும் சுட்டினர். இரு தரப்பும் மெய்யான பயன்களையே முன்வைத்தன. இம்மாற்றத்தின்போதும் மேப், ஃபில்டர் ஆகியன பட்டியலுக்கே உரியவையாக விடப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது. 1999இல் மேப்பின் பொருட்டுச் செய்த முடிவு காக்கப்பட, மடிப்பின் பொருட்டு எதிர்முடிவு எடுக்கப்பட்டதனால், ஒரே நூலகத்தில் இரு கொள்கைகள் அருகருகே நிற்கின்றன.

7. வெற்றுப் பட்டியலின் முதல் உறுப்பு

இரண்டாவது வினா மேலும் கூரியது. உறுப்பே இல்லாத பட்டியலின் முதல் உறுப்பு யாது? மொழிகள் இதற்கு மூன்று விடைகளை அளித்துள்ளன. காமன் லிஸ்ப், வெற்றுப் பட்டியலின் காரும் வெற்றுப் பட்டியலே என்கிறது. நிரல் நிற்பதில்லை; ஆனால் உறுப்பு இல்லாமையும், இருக்கும் உறுப்பு வெற்றுப் பட்டியலாக அமைதலும் ஒன்றுபோல் தோன்றிவிடுகின்றன. ஓகேமல், பைத்தான் போன்றவை பிழை எழுப்புகின்றன. எல்ம், ரஸ்ட் போன்ற பிற்கால மொழிகள், இருக்கலாம் அல்லது இல்லாமலும் இருக்கலாம் எனும் தரவினத்தை விடையாகத் தந்து, இரு நிலைகளையும் நிரலர் எழுதுமாறு செய்கின்றன.

ஹாஸ்கெல் இரண்டாவது வழியைத் தேர்ந்தது. தரவினத்தின் துணையால் பிழைகளை முன்கூட்டியே தடுப்பதைச் சிறப்பாகக் கொண்ட மொழியில், 'ஹெட்' செயற்கூற்றின் தரவினம் எப்போதும் ஓர் உறுப்பைத் தருவதாக வாக்களித்தது. வெற்றுப் பட்டியலில் அவ்வாக்கு பொய்த்தது. நெடுங்காலம் வரை அப்பிழைச்செய்தி பட்டியல் வெறுமை என்பதை மட்டும் கூறியது. பிழை நிகழ்ந்த இடத்தைக் கூறவில்லை. பெரிய நிரலில் அது எந்த வரியில் நேர்ந்தது என்று காண்பது கடினமான பணியாக இருந்தது.

திருத்தம் படிப்படியாகவே வந்தது. 2016இல் வெற்றாகாத பட்டியலுக்கான தரவினம் ஜி.எச்.சி.யின் அடிப்படை நூலகத்தில் சேர்ந்தது; அத்தரவினத்தில் ஹெட் பொய்க்க வழியில்லை. 2023 அக்டோபரில் வெளியான ஜி.எச்.சி. 9.8 பதிப்பு, பட்டியலின்மேல் ஹெட், டெய்ல் ஆகியவற்றைப் பயன்படுத்துவோருக்கு எச்சரிக்கை தரலாயிற்று. அதே வெளியீட்டின் நூலகத்தில், குறிப்பிட்ட இடத்து உறுப்பை இல்லாமைக்கும் இடம்கொடுத்துத் தரும் குறியும், கடைசி உறுப்பைப் பாதுகாப்பாகப் பிரிக்கும் 'அன்ஸ்னாக்' செயற்கூறும் சேர்க்கப்பட்டன. முதல் அறிக்கைக்கும் இவ்வெச்சரிக்கைக்கும் இடையே 33 ஆண்டுகள் கடந்தன. அப்போதும் ஹெட் நீக்கப்படவில்லை. நூலகப் பெயர்களின் நிலைபேறு எத்துணை வலியது என்பதற்கு இதுவே போதிய சான்று.

8. பெயரின் பின்னுள்ள செலவு

மூன்றாவது வினா காலமும் நினைவகமும் பற்றியது. மீண்டும் வரும் உறுப்புகளை நீக்கும் 'நப்' செயற்கூறு, இரு உறுப்புகள் சமமா என்பதை மட்டுமே கேட்கிறது; எது பெரிது எனக் கேட்பதில்லை. ஆகவே எந்தப் புதிய உறுப்பையும் அதுவரை கண்ட வேறுபட்ட உறுப்புகள் அனைத்தோடும் ஒப்பிட நேர்கிறது. ஒன்றுக்கொன்று வேறுபட்ட 10,000 உறுப்புகள் இருப்பின் ஏறத்தாழ 5 கோடி ஒப்பீடுகள் தேவைப்படும். வரிசைப்படுத்தத்தக்க உறுப்புகளெனில் மிகக் குறைந்த ஒப்பீடுகளில் இப்பணியை முடிக்கலாம். குறைந்த முன்தேவை என்னும் பொதுமைக்குக் கொடுத்த விலை இது.

இடப்புற மடிப்பான 'ஃபோல்ட்எல்' மற்றோர் எடுத்துக்காட்டு. சோம்பல் மதிப்பீட்டில் அது உடனே கூட்டுவதில்லை. கூட்ட வேண்டியவற்றைக் கணிக்கப்படாத நீண்ட சங்கிலியாக நினைவகத்தில் அடுக்குகிறது. நிரல்பெயர்ப்பியின் மேம்படுத்தல் சில இடங்களில் இதனைத் தவிர்க்கிறது; எல்லா இடங்களிலும் அன்று. ஒவ்வொரு படியிலும் உடனே கணிக்கும் 'ஃபோல்ட்எல் பிரைம்' நெடுங்காலமாகத் தனி நூலகப் பகுதியில் இருந்தது. 2024இல் வெளியான ஜி.எச்.சி. 9.10 பதிப்பிலேயே அது பிரெலூட்டில் இடம்பெற்றது. அதுவரை, நல்ல வடிவத்தை அறிந்தவர் தனியே இறக்க வேண்டியிருந்தது. அறியாதவருக்குச் செலவு மிக்க வடிவமே கைக்கெட்டியதாக இருந்தது.

மறுபுறம், பொதுவடிவம் செலவைக் குறைத்ததும் உண்டு. ஆண்ட்ரூ கில், ஜான் லான்ச்பரி, சைமன் பெய்டன் ஜோன்ஸ் ஆகியோர் 1993இல் வெளியிட்ட முறை, பட்டியலை ஆக்கும் செயற்கூற்றும் மடிக்கும் செயற்கூற்றும் அடுத்தடுத்து வருமிடத்தில் இடைப்பட்ட பட்டியலையே நீக்கிவிடுகிறது. நூலகச் செயற்கூறுகள் மடிப்பின் வாயிலாக எழுதப்பட்டிருந்தாலன்றி இது கைகூடாது.

9. பிற மொழிகளில் பரவல்

பைத்தான் மொழி 1994இல் மேப், ஃபில்டர், ரெட்யூஸ் ஆகியவற்றை ஏற்றது. 2000இல் ஹாஸ்கெலை ஒத்த பட்டியல் கோவை அதில் சேர்ந்தது. ரெட்யூஸ் படிப்பதற்குக் கடினம், வெளிப்படையான மடக்கே தெளிவானது என 2005இல் அம்மொழியின் ஆக்கர் கீடோ வான் ரோசம் வாதிட்டார். 2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3.0 பதிப்பில் ரெட்யூஸ் பொது இடத்திலிருந்து 'ஃபங்டூல்ஸ்' என்னும் பகுதிக்குப் பெயர்ந்தது. ஹாஸ்கெலின் தாய்ச் செயற்கூறு பைத்தானில் புறநகருக்குச் சென்றது எனலாம். இதற்கு மாறாக 2009இல் ஜாவாஸ்கிரிப்ட் தர வரையறையின் ஐந்தாம் பதிப்பும், 2014இல் ஜாவா 8 பதிப்பும் இதே மூன்று செயல்களைத் தம் நூலகங்களில் புதிதாகச் சேர்த்தன. 2004இல் கூகுள் பொறியாளர்கள் வெளியிட்ட 'மேப்ரெட்யூஸ்' முறை, லிஸ்ப் மரபின் மேப், ரெட்யூஸ் ஆகியவற்றிலிருந்து ஊக்கம் பெற்றதாகவே தன்னை அறிவித்தது. ஒரு பட்டியலுக்காகத் தோன்றிய செயல்கள் ஆயிரக்கணக்கான கணினிகளில் பரந்த தரவுக்கும் பொருந்தின.

முடிவுரை

பட்டியல் செயற்கூறுகளின் வரலாறு, சிறு தேவைகள் பெருங்கருத்துகளைப் பிறப்பித்த வரலாறாக அமைகிறது. கோவையை வகையிடும் தேவையிலிருந்து மேப்லிஸ்ட்டும், அதன் வழியே லாம்டா குறியீட்டின் பயன்பாடும் தோன்றின. மேப்பின் தரவினம் யாது என்னும் வினா பல்லுருவாக்கக் கோட்பாட்டை விளக்க உதவியது.

அதே வரலாறு முடிவுகளின் வரலாறாகவும் உள்ளது. பொதுப்பெயரைத் தொடக்கநிலையாளருக்கு உரியதாக வைப்பதா, பொதுமைக்கு உரியதாக்குவதா என்பதில் ஹாஸ்கெல் 1999இலும் 2015இலும் வெவ்வேறு முடிவுகளை எடுத்தது. வெற்றுப் பட்டியலைப் பற்றிய பழைய முடிவு நீங்காமல், எச்சரிக்கை வடிவில் திருத்தம் பெற்றது. செலவு குறைந்த மடிப்பு, செலவு மிக்க மடிப்பின் அருகில் காலம் தாழ்ந்தே இடம்பெற்றது. இம்மூன்றிலும் பொதுவாகக் காணப்படுவது ஒன்றே: நூலகத்தில் ஏறிய பெயர், குறை தெளிவான பின்னும் எளிதில் இறங்குவதில்லை. முதல் வடிவமைப்பில் வெறுமை, செலவு, வரம்பு ஆகிய மூன்றையும் ஆராய்ந்த பின்னரே பெயரிடுதல், பின்வரும் தலைமுறையினர் சுமக்கும் சுமையைக் குறைக்கும் என்பது இவ்வரலாற்றினின்றும் பெறப்படும் முடிவாகும்.